ஊரையெல்லாம் கேட்டாய், என்னைக் கேட்டாயா?

தம்பி,

நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கப் போவதில்லை. நான் கேட்காமலே ஊர் வந்து சொல்லிவிடுகிறது. நேற்றுக்கூட பெரம்பலூர் பஸ்ஸில் வந்து இறங்கிய ஒருத்தி, தன் மூட்டு வலியைச் சொல்வதற்கு முன்னால் உன் கதையைத்தான் சொன்னாள். "தம்பிய வேப்பந்தட்டைப் பக்கம் பாத்தேன்மா. பள்ளிக்கூடத்து வராந்தாவுல கூட்டத்தோட கூட்டமா உக்காந்திருந்துச்சு. ஆளுதான் கருத்துப் போச்சு. ஆனா என்னா சிரிப்புங்கிறீங்க!" நான் அவள் முழங்காலைக் கொஞ்சம் அழுத்தியே பார்த்தேன். "ஆத்தாடி!" என்று கத்தினாள். இந்த வீட்டில் நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லையே என்ற கடுப்பு. பாவம், அவள் முழங்காலில் போய் இறங்கிவிட்டது. அப்புறம் நல்ல மாத்திரையாகவே எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். எனக்கு உன்மேல் பொறாமை. "பெத்த புள்ள மேல பொறாமைன்னு எழுதுவாங்களா? வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க. வருத்தம்னு எழுது" என்கிறார் உன் அப்பா. காலமெல்லாம் தாலுகா ஆபீசில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பதமாக எழுதிப் பழகியவர், அப்படித்தான் சொல்வார். வருத்தம் வேறு, பொறாமை வேறு. வருத்தமாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. இப்போது நன்றாகவே இறங்குகிறது, ராத்திரி தூக்கமும் வருகிறது. உன் பேரை யாராவது நல்லவிதமாகச் சொன்னால் மட்டும் வயிறு எரிகிறது. இத்தனை வருஷம் டாக்டராக இருந்தவளுக்கு இது என்ன நோய் என்று கண்டுபிடிக்கத் தெரியாதா?

நீ போன பிறகு எனக்கு நேர்ந்த முதல் தொல்லை, நீ என்ன வேலைக்குப் போயிருக்கிறாய் என்று சொல்லத் தெரியாமல் முழிப்பதுதான். ஆஸ்பத்திரிக்கு வருகிற எல்லோரும் உன் காலி மேஜையைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். "தம்பி வேற ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்களா?" இல்லை. "அப்ப மேல்படிப்புங்களா?" இல்லை. "அப்பறம்?" உன் அப்பா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டே, "பஞ்சாயத்து பண்ணப் போயிருக்கான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார். நீ எனக்கு விளக்கிச் சொன்னது நினைவிருக்கிறது. "ஒரு சிக்கல்ல மாட்டிக்கிட்டவங்க எல்லாரையும் ஒரே எடத்துல உக்கார வைக்கிறதும்மா. அவங்களே பேசி ஒரு வழி கண்டுபிடிக்கிற வரைக்கும் கூட இருக்கறது. அவ்வளவுதான்." அதற்கு எதுக்குடா எம்.பி.பி.எஸ். என்று கேட்டேன். நீ சிரித்தாய். அரியலூர்க் கடைத்தெருவில் நின்று அந்தச் சிரிப்பையா நான் பதிலாகச் சொல்ல முடியும்?

நீ இந்த ஆஸ்பத்திரிக்கு வந்த புதிதில் எனக்குப் பொறாமை கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். உண்மையில் ரொம்பக் குஷியாக இருந்தேன். என் மேஜைக்கு எதிரே உனக்கு ஒரு மேஜை போட்டேன், போர்டில் என் பேருக்குக் கீழே உன் பேரை எழுத வைத்தேன். என் பக்கம் கூட்டம் மளமளவென்று நகரும். உன் பக்கம் ஒருத்தர் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். எப்போது வலி வந்தது, அதற்கு முன்னால் என்ன செய்தாய், நீயே என்ன காரணம் என்று நினைக்கிறாய் என்று நீ கேட்டுக்கொண்டே இருப்பாய். வெளியே பெஞ்சில் இருக்கிறவர்கள் நெளிவார்கள். "சின்ன டாக்டரு ரொம்பப் பேசுறாரும்மா, ஒரு ஊசி போட மாட்டேங்குறாரு" என்று என்னிடம் வந்து முறையிடுவார்கள். நான் வெளியில் உன்னை விட்டுக்கொடுக்காமல் பேசிவிட்டு, உள்ளுக்குள் வெண்ணெய் தின்ற மாதிரி இருப்பேன். நம்முடைய நர்ஸ் ரோசம்மாவுக்கு மட்டும் அது தெரியும். "பெரிய டாக்டரம்மா முகத்துல இன்னிக்கு என்ன வெளிச்சம்!" என்று கிண்டல் பண்ணுவாள்.

நிலைமை மாறியது முந்திரிக் கையால்தான். வெயில் ஏறியதும் கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கத்து ஊர்களிலிருந்து டவுன் பஸ் பிடித்துப் பெண்கள் வருவார்கள். வறுத்த கொட்டையை உடைக்கும்போது ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் பட்டு, விரலெல்லாம் கருத்து, வெந்து, உரித்த கிழங்கு மாதிரி இருக்கும். நான் களிம்பு தடவிக் கட்டுப் போடுவேன். ஆறும் வரை கொட்டையைத் தொடக் கூடாது என்று சத்தம் போடுவேன். "சரிங்கம்மா" என்று தலையாட்டிவிட்டு அன்றைக்குச் சாயங்காலமே போய் உடைப்பார்கள். மறுவாரம் அதே கை வரும். ஒவ்வொரு முந்திரிக் காலத்திலும் இதுதான் நடந்தது. என் வேலை மருந்து போடுவது, அவர்கள் வேலை உடைப்பது. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன்.

நீ கேட்டாய். அஞ்சலை என்று ஒருத்தி, வாய் கொஞ்சம் நீளம், அவளை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, "எல்லா நாளும் கை இப்படித்தான் ஆவுதா?" என்று கேட்டாய். "அவசரத்துக்கு ஒடைச்சா ஆவும் தம்பி" என்றாள். யாருக்கு அவசரம் என்றாய். கொட்டை கொண்டுவந்து கொடுக்கிற மண்டிக்காரருக்கு என்றாள். அவருக்கு ஏன் அவசரம் என்றாய். "அத அவுருகிட்டல்ல போய்க் கேக்கணும்" என்றாள். நான் இந்தப் பக்க மேஜையிலிருந்து, "தம்பி, வெளிய எத்தன பேரு உக்காந்திருக்காங்க பாரு" என்று குரல் கொடுத்தேன். நீ அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பஸ் ஏறி அந்த ஊருக்குப் போய்விட்டாய். அதற்கு அடுத்த ஞாயிறும் போனாய். வீட்டில் கறி எடுத்திருந்த ஞாயிறுகளிலும் போனாய்.

அங்கே நீ கூட்டிய கூட்டத்துக்கு நான் வந்த கதையை நீ இன்னும் மறந்திருக்க மாட்டாய். தா.பழூரில் ஒரு பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்புகிற வழி என்று சொன்னேன். அந்த ஊர் வழியில் இல்லை, சுற்றிக்கொண்டுதான் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் என் பிள்ளையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்கிற கூட்டம் எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. பள்ளிக்கூடத்து அறையில் பாய் விரித்து எல்லோரும் கீழே உட்கார்ந்திருந்தீர்கள். உடைக்கிற பெண்கள் ஒரு பக்கம், வறுக்கிற ஆட்கள் ஒரு பக்கம், மண்டிக்காரர் கோவிந்தசாமி நடுவில் துண்டை மடியில் போட்டுக்கொண்டு. வாசலில் நிற்கும்போதே சத்தம் காதைக் கிழித்தது. அஞ்சலை மண்டிக்காரரைப் பார்த்து, "நீங்க ஒரு நாளு ஒடைச்சிப் பாருங்க, அப்பறம் லாரிக்கு நேரமாச்சுன்னு பேசுங்க" என்று கை நீட்டிப் பேசுகிறாள். அவர் பதிலுக்குக் கத்துகிறார். நீ ஏதோ நல்ல பாட்டுக் கேட்கிற மாதிரி இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

நான் உள்ளே காலை வைத்தேன். அவ்வளவுதான். சத்தம் அப்படியே அடங்கியது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். யாரோ ஓடிப்போய் வாத்தியார் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். "வாங்கம்மா, உக்காருங்க" என்று கோவிந்தசாமி துண்டால் தட்டிவிட்டார். நான் உட்கார்ந்ததும் அஞ்சலை, சற்று முன் மண்டிக்காரரை நோக்கி நீட்டிய அதே கையை என்னிடம் நீட்டி, "இந்த வெரலு மட்டும் ஆறவே மாட்டேங்குதும்மா" என்றாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி நாக்கை நீட்டிக்கொண்டு நின்றாள். வறுக்கிற ஆள் ஒருத்தர் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார். கோவிந்தசாமி தன் பங்குக்கு, "எனக்கும் பிரஷர் கொஞ்சம் பாத்துடுங்கம்மா" என்று சட்டைக் கையை மடக்கிவிட்டு நீட்டினார். நிமிஷத்தில் உன் கூட்டம் என் ஆஸ்பத்திரி ஆகிவிட்டது. நீ பாயில் தனியாக உட்கார்ந்திருந்தாய்.

"அம்மா, நீ கொஞ்சம் வெளிய இரும்மா" என்று மெதுவாகச் சொன்னாய். எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி பையைத் திறந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டேன். வரிசையில் நின்ற அத்தனை பேரையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அதற்காக நான் மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதே. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! பார்த்தாயா, நான் வந்தால் ஊர் எழுந்து நிற்கிறது என்று உன்னிடம் காட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். காரில் வரும்போது பாட்டுக்கூடப் பாடினேன் என்று டிரைவர் உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறான்.

அடுத்த ஞாயிறு நீ மறுபடி கூட்டினாய், அந்த முறை என்னிடம் சொல்லாமல் போனாய். அன்று முழுக்கப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்களாம். மண்டிக்காரர் கொட்டையை ஒரு நாள் முன்னதாகவே கொண்டுவந்து இறக்கிவிட வேண்டும். வறுத்ததை ஒரு ராத்திரி சாம்பலில் போட்டு வைக்க வேண்டும். சாம்பல் எண்ணெயைக் குடித்த பிறகு மறுநாள்தான் உடைக்க வேண்டும். பருப்பு ஏற்ற வருகிற பண்ருட்டி லாரிக்கு அதற்குத் தக்க மாதிரி மண்டிக்காரர் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டே நீ இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. "இவ்வளவுதானா? இத நான் ஒரு சீட்டுல எழுதிக் குடுத்திருப்பேனேடா!" என்றேன். நீ சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல், "நீ எழுதிக் குடுத்திருப்பேம்மா. யாரும் செஞ்சிருக்க மாட்டாங்க" என்றாய். அன்றைக்குத்தான் தம்பி, எனக்கு இந்த எரிச்சல் பிடித்தது. நீ சொன்னது பொய்யாக இருந்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

அதற்கு அடுத்த முந்திரிக் காலம் வந்தது, அதற்குள் நீ போய்விட்டிருந்தாய். ரோசம்மா வழக்கம்போலக் களிம்பு டப்பாக்களை வாங்கி அடுக்கி வைத்தாள். டவுன் பஸ் வந்து நிற்கும், நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். காய்ச்சல் வரும், இருமல் வரும், வயிற்றுவலி வரும், கை வராது. ஒருநாள் அஞ்சலையே வந்தாள். எனக்கு ஒரு நம்பிக்கை, "கையக் காட்டு" என்றேன். காட்டினாள். நன்றாக இருந்தது. மருதாணி வைத்திருந்தாள். "மக கல்யாணம்மா, பத்திரிகை வைக்க வந்தேன். தம்பி இல்லீங்களா?" என்றாள். நான் வருஷம் வருஷமாகக் கட்டுப் போட்ட கை அது. அதைப் பார்த்து என் வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். வயிறு எரிந்தது. ஒரு டாக்டருக்கு நோய் வரவில்லையே என்று எரியலாமா? எரிந்தது. இதை உன் அப்பாவிடம்கூட நான் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன். நோகாமல் நோன்பு கும்பிட்டுப் பேரை வாங்கிக்கொண்டு போகிறான் என்று அன்றைக்கு முழுவதும் ரோசம்மாவிடம் எரிந்து விழுந்தேன்.

சரி, அப்படி என்னதான் பெரிய வித்தை, நாமும் செய்து பார்ப்போம் என்று ஒருநாள் இறங்கினேன். லப்பைக்குடிக்காட்டிலிருந்து மெஹருன்னிசா வருவாளே, புருஷன் துபாயில் இருக்கிறான், தலைவலி என்று மாசா மாசம் பஸ் மாறி மாறி வருகிறவள். வழக்கமாக அவள் உட்காருவதற்குள் நான் மாத்திரை எழுதி முடித்துவிடுவேன். அன்றைக்குப் பேனாவைத் தொடவில்லை. "நீயே சொல்லு, எதனால வலிக்குதுன்னு நெனைக்கிறே?" என்று கேட்டுவிட்டு, உன்னை மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் முகம் வெளிறியது. "யா அல்லா! டாக்டரம்மாவுக்கு என்ன ஆச்சு? ரோசம்மாக்கா, இங்க வாங்க, அம்மாவுக்குப் பேச்சு வரல!" என்று கூச்சல் போட்டாள். ரோசம்மா தண்ணீர்ச் சொம்போடு ஓடி வந்தாள். விஷயம் தெரிந்த பிறகு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "உங்களுக்கு அதெல்லாம் வராதும்மா. நீங்க திட்டுனாத்தான் எங்களுக்குப் பாதி நோவு போவும்" என்றாள். நானும் சிரித்தேன். மெஹருன்னிசாவுக்கு அதே மாத்திரையை எழுதிக் கொடுத்தேன். அவள் ஏன் தலைவலிக்கிறது என்று சொல்லாமலே போய்விட்டாள், நீயாக இருந்தால் சொல்லியிருப்பாள்.

எனக்கு ஏன் வரவில்லை என்று உட்கார்ந்து யோசித்தேன். அதைத்தான் உன்னிடம் எழுத வேண்டும். நீ என்னை ஒருமுறை, "அம்மா, அந்த நாற்காலிய விட்டு நீ எறங்கவே மாட்டியா?" என்று கேட்டாய். பெரிய ஞானி மாதிரி கேட்டாய். நான் இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு அந்த நாற்காலி கிடையாது. வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு அறையில் உட்கார்ந்திருப்பேன், உள்ளே வருகிறவர்கள் என்னைப் பார்த்து, "நர்சம்மா, டாக்டரு எப்ப வருவாரு?" என்பார்கள். நான்தான் டாக்டர் என்றால் நம்பாமல் வெளியே போய் போர்டைப் படித்துவிட்டு வருவார்கள். சில பேர் அப்படியே போய்விடுவார்கள். பிரசவத்துக்குத் துடிக்கிற பெண்ணை வண்டியில் வைத்துக்கொண்டு, ஆம்பிளை டாக்டர் இருக்கிற ஊர் எது என்று என்னிடமே வழி கேட்ட புருஷன்மாரை நான் பார்த்திருக்கிறேன். குரலை உயர்த்திப் பேசக் கற்றுக்கொண்டேன். சிரிப்பைக் குறைத்தேன். ஆசாரியிடம் சொல்லி முதுகு உயர்ந்த தேக்கு நாற்காலி செய்து வாங்கி, அதில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு வார்த்தைக்கு மேல் சொல்லாமல் மருந்து எழுதினேன். அப்புறம்தான் என்னை டாக்டர் என்றார்கள். நான் அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து, "நீங்களே சொல்லுங்க" என்று கேட்டிருந்தால் என்னைத் தரையிலேயே விட்டிருப்பார்கள்.

நீ ஆம்பிளை. டாக்டரம்மா மகன். நீ எங்கே உட்கார்ந்தாலும் உன்னை எல்லோருக்கும் தெரியும். நீ பாயில் உட்கார்ந்தால் "எவ்வளவு பெரிய மனசு" என்று ஊர் சொல்கிறது. நான் எவ்வளவோ வருஷம் பாடுபட்டு ஏறிய இடத்திலிருந்து நீ ஒரே நாளில் இறங்கினாய், இறங்கினதற்கும் உனக்கே பேர். இதில் எனக்கு எரியாமல் யாருக்கு எரியும்? நீ செய்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. அஞ்சலை கையைப் பார்த்த பிறகு அப்படிச் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் நீ உட்காருகிற பாய்க்கு அடியில் என் நாற்காலி கிடக்கிறது என்று மட்டும் தெரிந்துகொள். போகிற ஊரில் உன்னோடு வேலைக்கு ஒரு பெண் பிள்ளை வந்தால், அவளைப் பார்த்து எடுத்த எடுப்பில் கீழே உட்காரச் சொல்லாதே. அவளுக்கு முதலில் நாற்காலி போடச் சொல். உட்காருவதா இறங்குவதா என்று அவள் முடிவு பண்ணட்டும்.

புத்தி சொல்ல ஆரம்பித்துவிட்டேன், இன்னும் இரண்டையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டெதாஸ்கோப்பைப் பரணில் போடாதே. பேசிப் பேசி ஒரு வழிக்கு வருகிற நேரத்தில் எவனாவது மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால், அவனிடம் போய், "நீ என்ன நெனைக்கிறே" என்று கேட்டுக்கொண்டு நிற்காதே. அந்த நேரத்தில் நீ என் மகனாக இரு. சில நோய்க்குக் கூடிப் பேச வேண்டும், சில நோய்க்கு ஊசியைக் குத்த வேண்டும், எது எது என்று உனக்குத் தெரியும். இன்னொன்று, கூட்டம் கூட்டம் என்று சாப்பிடாமல் பேசிக்கொண்டிருக்காதே. மருமகள் தூக்குவாளியில் போட்டுக் கொடுத்ததை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாய் என்று எழுதியிருக்கிறாள். ஊர் வயிற்றுக்கு வழி பண்ணுகிறவன் தன் வயிற்றைக் காயப்போட்டால் நல்லாவா இருக்கிறது?

இப்போது நிஜமாக வலிக்கிற இடத்துக்கு வருகிறேன். நோயாளிகள் எல்லோரும் இப்படித்தான், பெரிய வலியைக் கிளம்பும்போதுதான் சொல்வார்கள். உன் வேலைக்கு ஒரு சட்டம் உண்டு என்று நீதான் எனக்குச் சொன்னாய். ஒரு முடிவு யாரைப் பாதிக்குமோ, அவர்கள் இல்லாத இடத்தில் அந்த முடிவை எடுக்கக் கூடாது. கோவிந்தசாமி இல்லாமல் பெண்கள் மட்டும் கூடிப் பேசலாம் என்று அஞ்சலை சொன்னபோது நீ ஒத்துக்கொள்ளவில்லையாம். "அவரும் வரட்டும், அவருக்கும் இதுல வலி இருக்கு" என்றாயாம். அஞ்சலை இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனாள். அந்த மண்டிக்காரனுக்கு வலிக்கும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு காலையில் இட்லியைத் தின்று கை கழுவிவிட்டு வந்து, நின்றபடியே, "அம்மா, நான் முடிவு பண்ணிட்டேன். ஆஸ்பத்திரிய விட்டுடறேன். பெரம்பலூர்ல வீடு பாத்தாச்சு" என்றாய். வீடு பார்த்தாச்சு! ஊரில் யார் யாரையோ வாரக்கணக்கில் உட்கார வைத்து, நீ என்ன நினைக்கிறே, நீ என்ன நினைக்கிறே என்று கெஞ்சிக் கெஞ்சிக் கேட்கிறவன், எனக்கு மட்டும் சீட்டு எழுதிக் கொடுத்தாய். அப்படிச் செய்ய எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்க மாட்டேன், என்னிடம்தான் கற்றிருப்பாய். ஆனாலும் கோவிந்தசாமிக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லையே தம்பி. உன் பேர் மேல் எனக்குப் பொறாமை என்றுதான் இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டு வந்தேன். எழுத எழுதத்தான் தெரிகிறது, அவர்கள் மேல்தான் பொறாமை. நீ எதிரே உட்கார்ந்து கேட்கிற ஒவ்வொருத்தர் மேலும்.

நீ கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? முதலில் கத்தியிருப்பேன், அதில் சந்தேகம் வேண்டாம். இவ்வளவும் யாருக்குக் கட்டினேன் என்று அழுதும் இருப்பேன். நீ பேசாமல் காத்திருந்தால், அப்புறம் என்ன வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது. அதே கைக்கு அதே களிம்பைத் தடவி எனக்கும் அலுத்துப் போயிருந்தது என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. உனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறதா என்று என்னை இதுவரை யாரும் கேட்டதில்லை. என்னைப் படிக்க வைத்த அப்பா கேட்கவில்லை, உன் அப்பா கேட்கவில்லை, வரிசையில் நின்றவர்கள் ஏன் கேட்கப் போகிறார்கள்? கேட்கத் தெரிந்தவன் என் வயிற்றிலேயே பிறந்து, என் எதிர் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தான்.

நீ கிளம்பிய அன்று சாத்தியிருந்த பிரசவ அறைக் கதவுக்கு வெளியே வந்து நின்று, "அம்மா, போயிட்டு வரேன்" என்றாய். உள்ளே கேஸ் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பாய். ஒருத்தரும் இல்லை. காலி மேஜையைத் துடைத்துக்கொண்டு கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். நீ போனாய். பஸ் போகிற சத்தமும் கேட்டது. போயிட்டு வா என்று நான் சொல்லவில்லை. பெற்றவள் சொல்லாமல் பிள்ளை வாசலைத் தாண்டினால் அது கிளம்பினதாகாது. அதனால் என்னைப் பொறுத்தவரை நீ இன்னும் இந்த வீட்டை விட்டுக் கிளம்பவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் கூட்டம் வைக்காதே. இங்கே வா. என் எதிரே உட்கார்ந்து, ஒன்றும் முடிவாகாத மாதிரி, "அம்மா, இந்த வேலைய விட்டுட்டு வேற ஒண்ணு செய்யலாம்னு இருக்கேன், நீ என்ன நெனைக்கிறே?" என்று கேள். கேட்டுவிட்டு அஞ்சலைக்குக் காத்திருந்த மாதிரி எனக்கும் காத்திரு. நான் சொல்லி முடிக்க நேரமாகும், சாயங்கால பஸ்ஸை நம்பி வராதே. எல்லாம் பேசித் தீர்ந்த பிறகு வாசல் வரை வந்து, போயிட்டு வா என்று நானே சொல்கிறேன். நீயாக எடுத்துக்கொண்டு போய்விட்டதை, நான் கொடுத்ததாக ஆக்கிவிட்டுப் போ.

உன் அம்மா